நாப்பது மில்லி எறக்கம்

எடுத்துப் பாருங்க ஜி. தொட்டுப் பாருங்க, ஒண்ணும் கடிச்சுராது. சாக்கைப் பிரிச்சு நாலையும் வெளிய வெச்சே பாருங்க. துரு இருக்குதா, கீறல் இருக்குதா, நீங்களே சொல்லுங்க. மூணு வருசம் காருக்கடியில ஓடின ஸ்பிரிங்குன்னு யாராச்சும் சொல்லுவாங்களா? அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு ஒக்காருங்க. கரூருல இருந்து இதுக்குன்னே வந்திருக்கறீங்க, சித்த நேரம் இருந்து டீ குடிச்சுட்டுப் போலாம். கடையில இன்னைக்குப் பெரிய வேலை ஒண்ணும் இல்லீங்க. ஒரு நம்பர் பிளேட்டு ஒட்டணும், ஒரு ஸ்கூட்டருக்கு குலசாமி பேரு எழுதணும். அது கெடக்குது.

போன்ல ஒண்ணு கேட்டீங்கல்ல, நேர்ல வாங்க சொல்றேன்னு சொன்னேன். 'இத்தனை நல்லாருக்குதுங்கறீங்க, அப்பறம் எதுக்குக் கழட்டினீங்க'ன்னு. கேக்க வேண்டிய கேள்விதான். எங்கக்கா எங்கிட்டப் பேசறதில்லைங்க. அதுக்காகத்தான் கழட்டினேன். சிரிக்காதீங்க. நெசமாத்தான் சொல்றேன். கூடப் பொறந்தவ, ஒரே ஒருத்தி, மாசக்கணக்கா எங்கூட ஒரு வார்த்தை பேசலை. அவ மறுபடியும் 'கண்ணு'ன்னு ஒரு தடவை கூப்புட்டாப் போதும்னு இதைக் கழட்டினேன். கழட்டியும் என்ன ஆச்சுன்னா... இருங்க, முன்ன இருந்தே சொல்றேன். பாதியில ஆரம்பிச்சா நான்தான் தப்புப் பண்ணின மாதிரி ஆயிரும்.

மொதல்ல ஸ்பிரிங்கைப் பத்திச் சொல்லீர்றேன், நீங்க அதுக்குத்தான வந்தீங்க. நாலு வழிச் சாலையில ஓட்டிப் பாருங்க ஜி. ராசா மாதிரி போலாம். வளைவுல சாயாது, தரையப் புடிச்ச புடியா போகும். நிறுத்தி வெச்சா போறவன் வர்றவன் திரும்பிப் பாப்பான். டயருக்கும் மட்காட்டுக்கும் நடுவுல வெரலு நுழையாது. அந்த அழகுக்குத்தானுங்க இதைப் போடறது. வேற காரணம் எவன் சொன்னாலும் நம்பாதீங்க.

ஊருக்குள்ள வந்துட்டா வேற கதை. நாப்பது மில்லி எறக்கம்னா என்ன, காரு ரெண்டு வெரக்கடை தாழும். சொல்றதுக்கு ரெண்டு வெரக்கடைதான். அதுல ஊரே மாறிப் போயிரும். எந்த ரோட்டுல போலாம், எதுல போகக்கூடாது, எந்த பெட்ரோல் பங்குல சரிவு எச்சா இருக்குது, எந்த மண்டபத்துக்கு வண்டிய வெளிய நிறுத்தீட்டு நடக்கணும், அத்தனையும் மனப்பாடம் ஆயிரும். எங்க ஊட்டு வாசல்ல சிமிட்டிச் சரிவு இருந்துச்சு. அதை ஒடைச்சுப் போட்டுட்டு ரெண்டு பலகை வெச்சிருக்கறேன். வண்டி வரும்போது போடணும், வந்தப்பறம் எடுக்கணும். போடறதும் எடுக்கறதும் பிருந்தா. எம்பொண்டாட்டிங்க. நெம்பப் பொறுமைசாலி.

கவருமெண்டுக்காரன் போடற வேகத்தடையக்கூட மன்னிச்சுருவேனுங்க. அதுக்கு ஒரு அளவு இருக்கும். இந்த சொந்த மேடு போடறவனுங்க இருக்கறானுங்களே, அவனுங்களைத்தான் சும்மா உடக்கூடாது. ரோடு போடற ஆளுகளுக்கு ஒரு டீயும் போண்டாவும் வாங்கிக் குடுத்து, மிச்சமான தாரை அவனவன் ஊட்டுக்கு முன்னாடி கொட்டச் சொல்லிக்கிறானுங்க. ஒருத்தன் போட்டா பக்கத்து ஊட்டுக்காரன் சும்மா இருப்பானா? அவனுக்கு இன்னும் ஒசரமா வேணும். கெடா படுத்திருக்கற மாதிரி ஒண்ணு, எருமை படுத்திருக்கற மாதிரி ஒண்ணு. பெயிண்டும் கெடையாது, போர்டும் கெடையாது. என்னடான்னா, கொழந்தைங்க வெளையாடுதாம். ஊட்டுல ரெண்டு கெழடு தவிர ஆளே இல்லாதவனும் அதைத்தான் சொல்லுவான்.

அதையெல்லாம் எப்படித் தாண்டறதுன்னா, நேரா ஏத்தக்கூடாது. வண்டியக் குறுக்கால திருப்பிக் கோணலா உடணும். ஒவ்வொரு சக்கரமா ஏத்தி, பல்லைக் கடிச்சுட்டு எறக்கணும். பின்னாடி வர்றவன் ஹார்ன் அடிப்பான், அடிக்கட்டும். ஆளு எச்சா ஏறி இருந்தா கோணலும் உதவாது, எல்லாரையும் எறக்கி உட்றணும். பிருந்தா அதுல நல்லாப் பழகீட்டா. மேடு வருதுன்னா நான் சொல்லவே வேண்டாம், கதவைத் தொறந்து எறங்கி, அக்கட்ட நடந்து போய் நின்னுக்குவா. முந்தியெல்லாம் ஏதாச்சும் பேசீட்டே வருவா. இப்ப பேசறதில்லை. ஏறி எறங்கி ஏறி எறங்கி, என்ன சொல்லீட்டு இருந்தோம்னே மறந்து போகுதுங்கறா. எனக்கும் அது நல்லதாப் போச்சு. அடியில எங்கயாச்சும் ஒரசுதான்னு காது குடுத்துக் கேக்கணுமில்லீங்களா?

டீ வந்துருச்சு, எடுத்துக்குங்க. சக்கரை போட்டிருப்பான், பரவால்லீங்களா?

எங்கக்கா பேரு வசந்தாமணி. என்னை விட எட்டு வயசு மூத்தவ. எங்கம்மா நான் பள்ளிக்கூடம் போயிட்டு இருக்கறப்பவே போயிட்டாங்க. அதுக்கப்பறம் எனக்கு எல்லாமே அவதான். என் கல்யாணத்துல கூடப் பொறந்தவளா நின்னு இணைச்சீர் பண்ணி, என்னை மணவறைக்கு அனுப்புனதும் அவதான். சென்னிமலை தாண்டி ஒரு சின்ன ஊருலதான் கட்டிக் குடுத்தது. இங்க பெருந்துறையில இருந்து வாய்க்கால் பாலம் வழியாப் போனா கிட்டத்தான்.

மச்சான் பேரு தங்கமுத்து. தறி ஓட்டிட்டு இருந்தாரு. ஆளு நல்ல கனம், மனசும் அப்படித்தான். அவரைப் பத்திச் சொல்லோணும் ஜி. இந்த ஸ்பிரிங் போட்ட புதுசுல என் சாதி சனம் பூராவும் சிரிச்சுது. எங்க பெரியப்பா இருக்கறாரே, சுத்திச் சுத்திப் பாத்துட்டு, 'ஏண்டா செகதீசு, வண்டி முட்டி போட்டுட்டு நிக்குதே, யாருகிட்ட மன்னிப்புக் கேக்குது?'ன்னாரு. எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. அப்ப மச்சான் ஒருத்தர்தான் ஒரு சுத்து வந்து, கையக் கட்டி நின்னு பாத்து, 'மாப்ள, இப்பத்தான் வண்டிக்கு ஒரு கம்பீரம் வந்திருக்குது'ன்னாரு. அந்த ஒரு வார்த்தைய நான் சாகற வரைக்கும் மறக்கமாட்டேன். வாங்க மச்சான்னு ஒக்கார வெச்சு விசயமங்கலம் வரைக்கும் ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போனேன். எறங்கறப்ப அவருக்கு எந்திரிக்க வரலை. தறியில நின்னு நின்னு முட்டிவலி. ரெண்டு கையையும் புடிச்சு நான்தான் இழுத்து உட்டேன். சிரிச்சுட்டே வந்தாரு. வேர்த்துக் கொட்டுது, ஆனாலும் சிரிக்கறாரு. அத்தனை பிரியம் அந்த வண்டி மேல.

அதுக்கப்பறம் நோம்பி நொடிக்கு அவங்கதான் இங்க வருவாங்க, நான் அங்க போறது கொறைஞ்சு போச்சு. அந்த வாய்க்கால் பாலம் நடுவுல கூம்பிக்கிட்டு நிக்கும். ஸ்பிரிங் போட்ட வண்டி அதுல ஏறுச்சுன்னா வயித்துல தட்டி அப்படியே நின்னுக்கும். அதுக்குப் பயந்துட்டு ஈரோடு, அரச்சலூருன்னு சுத்தித்தான் போகணும். யாரு போறது? அவங்க ரெண்டு பஸ் மாறி வந்துருவாங்க. பொழுதோட திரும்பறப்ப, 'நான் வண்டியில கொண்டாந்து உடறேன் மச்சான்'னா, 'வேண்டாம் மாப்ள, பஸ்ஸுல காத்து நல்லா வருது'ம்பாரு. ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொல்லுவாரு. ஜன்னலோரம் காத்து வாங்கீட்டுப் போறதுன்னா நெம்பப் புடிக்குமாட்ட இருக்குது அவருக்கு.

அந்த மனுசன் போன வருசம் ஒரு செவ்வாய்க்கிழமை விடியக்காலம் தறிக்கொட்டாயில நெஞ்சைப் புடிச்சுட்டு ஒக்காந்தாரு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சு போச்சு. ஐம்பது வயசு ஆகலைங்க.

அக்காதான் போன் பண்ணினா. அழுகலை. 'கண்ணு, உங்க மச்சான் போயிட்டாரு. நீ வா'ன்னா. அவ்வளவுதான். பின்னாடியே அவ கொழுந்தனார் பேசுனாரு. மூணு மணிக்கு மேல ராகு காலம், அதுக்கு முன்னாடி எடுக்கோணும், கோடியோட வந்துருங்கன்னாரு.

உங்க பக்கமும் இதே பழக்கந்தான? புருசன் போயிட்டா, எடுக்கறதுக்கு முன்னாடி பொறந்தவன் வந்து அவ தோள் மேல கோடிச் சேலை போடோணும். அவளுக்குப் பொறந்த ஊடு இருக்குது, நாங்க இருக்கறோம்னு ஊருக்கு முன்னாடி சொல்றது அது. எங்க அப்பாவும் இல்லை. அவளுக்கு நான் ஒருத்தன்தான்.

நீ காலையிலயே ஓடியிருக்கோணும்னு இப்பச் சொல்றாங்க. எப்படிங்க? கோடி எடுக்காம வெறுங்கையோட போயி நிக்கறதா? கடை தொறந்து சேலை எடுத்தேன். பங்காளிங்க வரோணும். பெரியப்பாவும் பெரியம்மாவும் திருப்பூர்ல இருந்து பஸ்ஸுல வந்து எறங்கவே மத்தியானம் ஆயிருச்சு. அப்பவும் நேரம் இருந்துச்சுங்க. இல்லைன்னு நான் சொல்லலை.

பங்காளி ஒருத்தன், நல்லசிவம்னு, வேன் வெச்சிருக்கறான். 'எல்லாரும் ஏறுங்க, பாலத்து வழியா அரை மணி நேரத்துல போயிரலாம்'னான். எல்லாரும் ஏறீட்டாங்க. பிருந்தாவும் ஏறி ஒக்காந்துட்டா. நான்தான் எறங்கச் சொன்னேன். ஏன்னு கேளுங்க. எம்மச்சானுக்கு நான் கடைசியாச் செய்யறது. அவரு ஒருத்தருக்குத்தான் அந்த வண்டி புடிச்சிருந்துச்சு. அவரு எழவுக்கு அந்த வண்டியில போகாம வாடகைக்கு ஓடற வேன்ல, கடலைமுட்டாயி தின்னுட்டுப் போன கல்யாணக் கும்பலு ஒக்காந்த சீட்டுல ஒக்காந்துட்டா போறது? மனசு கேக்கலைங்க. இதை நான் யாருகிட்டச் சொன்னாலும் புரிஞ்சுக்க மாட்டேங்கறாங்க.

பிருந்தா சொன்னா, 'சேலையையாச்சும் வேன்ல குடுத்து உடுங்க.' பொறந்தவன் இல்லாம சேலை மட்டும் போயி என்ன பண்றது? நான் குடுக்கலை. பெரியப்பா, பெரியம்மா, பிருந்தா, நான், நாலு பேரும் என் வண்டியில. மத்த சனம் வேன்ல. அவங்க பாலத்துப் பக்கம் திரும்புனாங்க, நாங்க ஈரோட்டு ரோட்டைப் புடிச்சோம்.

ஈரோடு வரைக்கும் ஒரு கொறையும் இல்லீங்க. அதுக்கு அக்கட்டதான் கெரகம் புடிச்சுது. நான் அந்த ரோட்டுல போயி ஒரு வருசம் இருக்கும். இடையில புதுசாத் தார் போட்டிருக்கறானுங்க. தார் போட்டா என்ன வரும்? மேடு வரும். ஊருக்கு ஊரு, ஊட்டுக்கு ஊடு. பின்னாடி பெரியப்பாவும் பெரியம்மாவும் ஒக்காந்து வண்டி அமுந்து போயி, சின்னப் பள்ளத்துக்கே டயரு மட்காட்டுல ஒரசி நாத்தம் வருது. ஒவ்வொரு மேட்டுக்கும் மூணு பேரையும் எறக்கோணும். பெரியம்மாவுக்கு இடுப்பு சரியில்லை. எறங்க ஒரு தரம், ஏற ஒரு தரம், பிருந்தா புடிச்சுத் தூக்கோணும். ஒரு ரைஸ் மில்லு வாசல்ல எறங்கினவங்க, அங்க கெடந்த கல்லு மேல ஒக்காந்துக்கிட்டாங்க. 'நான் இங்கயே இருந்துக்கறேன் சாமி, நீங்க போயி மொகம் பாத்துட்டு வாங்க'ங்கறாங்க. அழுகறாங்க வேற. நான் கெஞ்சி ஏத்தினேன்.

அதுக்குள்ள வேன் போய்ச் சேந்துருச்சு. பங்காளிங்க எல்லாம் எறங்கி நிக்கறாங்க. பொறந்தவனும் இல்லை, கோடியும் இல்லை. எல்லாரும் கேக்கறாங்களாம், பையன் எங்க, பையன் எங்கன்னு. இந்த நல்லசிவத்துக்கு வாய் சும்மா இருக்காதுங்க. 'வண்டி தட்டும்னு சுத்தி வர்றான்'னு சொல்லியிருக்கறான். எழவு ஊட்டுல போயி சொல்ற பேச்சா அது? வேற எதாச்சும் சொல்லியிருக்கலாம். டயரு பஞ்சர்னு சொல்லியிருக்கலாம். மனுசனுக்கு ஒரு நெனப்பு வேண்டாமா?

அக்காவே கூப்புட்டா. 'எங்க கண்ணு இருக்கறே?' அரச்சலூரு அப்பத்தான் வருது. நான், 'பக்கத்துல வந்துட்டேன்க்கா, பத்து நிமிசம்'னேன். வேற என்ன சொல்றதுங்க, அந்த நேரத்துல? 'சரி, நான் நிறுத்தி வெக்கச் சொல்றேன்'னா. மறுபடியும் கூப்புட்டா. மறுபடியும் பத்து நிமிசம்னேன். நான் வேணும்னு சொல்லலை, மேடு இல்லாத ரோடா இருந்தா பத்து நிமிசந்தான்.

அவ அங்க மல்லுக்கு நின்னிருக்கறா. இதெல்லாம் எனக்கு அப்பறமேட்டுக்குத் தெரிஞ்சுது. கொழுந்தனாரும் ஊர்ப் பெரியவங்களும் எடுக்கலாம்னு சொல்லச் சொல்ல, அவ பாடைக்குக் குறுக்க ஒக்காந்துக்கிட்டு, 'என் தம்பி வந்துருவான், சித்த இருங்க, என் தம்பி வந்துருவான்'னு அதையே சொல்லீட்டு இருந்திருக்கறா. தலைய விரிச்சுப் போட்டுட்டு, வாசலைப் பாத்துட்டு. பறையடிக்கறவங்ககூட அடிக்கறதை நிறுத்தீட்டு நின்னாங்களாம். எத்தனை நேரம் பொறுப்பாங்க? ராகு காலம் பொறக்கப் போகுதுன்னு, கொழுந்தனார் பொண்டாட்டி உள்ள போயி தன்னோட பீரோவுல இருந்த புதுச் சேலை ஒண்ணை எடுத்துட்டு வந்து அக்கா தோள் மேல போட்டுட்டா. புருசன் ஊட்டுக்காரியே கோடி போட்டுட்டா. எடுத்துட்டாங்க.

கால் மணி நேரம், ஜி. கால் மணி நேரம் பொறுத்திருந்தா நான் வந்திருப்பேன். செத்தவருக்குக் கால் மணி நேரம் போனா என்ன, வந்தா என்ன? அதைக் கேட்டா எல்லாரும் என் மூஞ்சியப் பாக்கறாங்க.

நாங்க போறப்ப ஊட்டைக் கழுவி உட்டுட்டு இருக்கறாங்க. பாடை போன ஊட்டை ஒடனே கழுவீருவாங்கல்ல, அது. வாசலெல்லாம் தண்ணி. தெரு மொனையில ஒரு மேடு இருந்துச்சு, வண்டிய அங்கயே நிறுத்தீட்டு நடந்துதான் போனேன். அக்கா திண்ணையில சாஞ்சு ஒக்காந்திருக்கறா. மேல அந்த இன்னொருத்தி சேலை. நான் சேலைப் பையைக் கையில வெச்சுட்டு ஈரத்துல நிக்கறேன். அவ என்னைப் பாக்கலை. எனக்குப் பின்னாடி, தெரு மொனையில நின்ன வண்டியப் பாத்தா. அப்பறம் கண்ணை மூடிக்கிட்டா. சுடுகாட்டுக்காச்சும் போயிருவோம்னு ஓடினேன். அது பாதையே இல்லீங்க, வண்டி போகாது. நடந்து போய்ச் சேந்தப்ப நெருப்பு வெச்சிருந்தாங்க.

சேலையைக் கட்டில் மேல வெச்சுட்டு வந்தேன். கருமாதி அன்னைக்கு பெரியப்பா கையில குடுத்துத் திருப்பி அனுப்பீட்டா. பிரிக்கவே இல்லை, கடைக்காரன் மடிச்ச மடிப்பு அப்படியே இருக்குது.

அன்னைக்கு நின்ன பேச்சுங்க. பிருந்தாகிட்டப் போன்ல பேசுவா. நல்லாத்தான் பேசறா, சிரிக்கறா, கொழம்புக்கு என்ன வெச்சேங்கறா. நான் பக்கத்துல இருமினாப் போதும், 'சரி அம்மணி, வெச்சர்றேன்'னுருவா. எனக்கு வெசனமா இருக்குதுங்க. வெளிய சொல்லிக்கறதில்லை. கடைக்கு வர்றவன்லாம் பொண்டாட்டி பேரு, புள்ளை பேருன்னு வண்டியில ஒட்டிட்டுப் போறான். அன்னைக்கு ஒருத்தன் வந்து 'அக்கா துணை'ன்னு எழுதுங்கன்னான். எழுத முடியலைங்க. நாளைக்கு வாங்கன்னு தாட்டி உட்டுட்டேன்.

பெரியப்பாதான் ஒரு நாள் சொன்னாரு. 'டேய், அந்த வண்டிய மனுசங்க ஏறி எறங்கற மாதிரி மாத்தீட்டு, நேரா அவ வாசல்ல கொண்டு போய் நிறுத்து. கால்ல உழுந்துரு. அதுக்கு மேல அவ பாடு.' ரெண்டு மாசம் யோசிச்சேன். சும்மா சொல்லக்கூடாது, பிருந்தா நச்சரிக்கவே இல்லை. கழட்டுங்கன்னும் சொல்லலை, வேண்டாம்னும் சொல்லலை.

கழட்டினேன். பழைய ஸ்பிரிங்கை மெக்கானிக்கு பத்திரமா வெச்சிருந்தான். ஜாக்கியில இருந்து எறக்கினான் பாருங்க, வண்டி ஒட்டகமாட்ட ஒசந்து நிக்குது. மட்காட்டுக்குள்ள ஒரு பூனை படுத்துக்கலாம். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு ஜி. மெக்கானிக்கு பாத்துட்டு அக்கட்ட போயிட்டான். எழவு ஊட்டுலகூட எனக்கு அழுகை வரலைங்க, அன்னைக்கு அழுதேன். எத்தனை பெரிய காரியம் பண்ணியிருக்கறேன்னு அவளுக்குப் புரியாமயா போயிரும்னு நெனச்சேன். என்னைத் தூக்கி வளத்தவளாச்சே.

போன ஞாயித்துக்கெழமை போனேன். தனியாத்தான். பாலத்து மேல ஏறி, நடுக்கூம்புல சும்மா ஒரு நொடி நிறுத்திக்கூடப் பாத்தேன். எங்கயும் தட்டலை. தெரு மொனை மேட்டையும் நேராவே தாண்டி, அவ வாசப்படிக்கு முன்னாடி கொண்டு போய் நிறுத்தினேன். மூணு வருசத்துல அந்த வாசல்ல என் வண்டி நின்னது அன்னைக்குத்தான்.

சத்தம் கேட்டு வெளிய வந்தா. எளைச்சுப் போயிட்டா. மூக்குல ஒண்ணும் இல்லை, நெத்தியில ஒண்ணும் இல்லை. நான் கால்ல உழுகலாம்னு குனிஞ்சேன். 'அதெல்லாம் வேண்டாம்'னா. பேசீட்டா ஜி. எத்தனை மாசத்துக்கப்பறம். உள்ள போயி ஒரு சொம்புல தண்ணி கொண்டாந்து குடுத்தா. பொறந்தவன் வந்திருக்கறான்னு தண்ணி குடுத்தா. சரி, ஆச்சு, எல்லாம் சரியாப் போச்சுன்னு நெனச்சேன்.

வண்டியச் சுத்திப் பாத்தா. 'ஒசந்திருக்குது'ன்னா.

'ஆமாக்கா. ஸ்பிரிங்கைக் கழட்டீட்டேன். பழைய மாதிரியே ஆக்கீட்டேன். உனக்கோசரந்தான். இனிமே நீ எப்ப வேணும்னாலும் சொல்லு, வந்துர்றேன். நீ ஏறி எறங்கறதுக்கும் செரமமே இருக்காது.'

பின் கதவைத் தொறந்து பாத்தா. சீட்டு எத்தனை ஒசரம் வருதுன்னு கைய வெச்சுப் பாத்தா, அவ முட்டிக்கு நேரா. நெம்ப நேரம் கைய எடுக்கலை. மச்சானை நெனச்சுக்கிட்டா போல. அப்பறம் மெதுவாக் கேட்டா. 'இதைக் கழட்டி மாத்த நெம்ப வேலையா? எத்தனை நாளாச்சு?'

அவ பயந்துட்டா ஜி. தம்பி நமக்கோசரம் நெம்பக் கஷ்டப்பட்டுட்டானோ, செலவு இழுத்துக்கிட்டானோன்னு. எனக்கு அவளைப் பத்தித் தெரியாதா? அவ மனசு நோகக்கூடாதுன்னு நானும் சாதாரணமாச் சொன்னேன். 'நாளெல்லாம் எங்கக்கா? அரை நாள் வேலை. காலையில உட்டேன், மத்தியானச் சோத்துக்கு முன்ன முடிச்சுக் குடுத்துட்டான். எப்ப வேணும்னாலும் பண்ணியிருக்கலாம்.'

'அரை நாளுதானா?'ன்னா.

'அரை நாளுதான்க்கா.'

கதவைச் சாத்தினா. எங்கையில இருந்த சொம்பை வாங்கிட்டா. நான் ஒரு வாய்கூடக் குடிக்கலைங்க, நல்ல தாகம் வேற. வாங்கிட்டு உள்ள போயி, ஊட்டுக் கதவையும் சாத்திக்கிட்டா. அக்கா, அக்கான்னு கூப்புட்டேன். உள்ள அழுகற சத்தம் கேக்குது. எழவு அன்னைக்கு அழுகாதவ, இப்ப அழுகறா. நான் வெயில்ல வாசல்லயே நிக்கறேன். அக்கம் பக்கத்து ஊட்டுக்காரங்க பாக்கறாங்க. எத்தனை நேரம் நிக்கறது? வந்துட்டேன்.

பிருந்தாகிட்டச் சொன்னேன். அவளும் எந்திரிச்சுச் சமையக்கட்டுக்குப் போயிட்டா. நீங்க வெளியாளு, நீங்களாச்சும் சொல்லுங்க ஜி. நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? அரை நாள் வேலைதான? வேணும்னா அந்த மெக்கானிக்கு நம்பர் தர்றேன், நீங்களே கேட்டுப் பாருங்க. அவனும் அதையேதான் சொல்லுவான்.